சட்டம் ஒன்றே! வாசல் எங்கே?

வீடிழந்தவன் தன் விதியை நொந்துகொள்கிறான். நொந்துகொள்ளட்டும், ஆனால் எந்த விதியை? தலையில் எழுதப்பட்டிருப்பதாக எவரோ சொல்லிவைத்த விதியையா, சட்டப் புத்தகத்தில் அச்சிடப்பட்டிருக்கும் விதியையா? முன்னதை எவரும் படித்ததில்லை, படித்துக் காட்டியதுமில்லை. பின்னதற்கோ எண் உண்டு, பிரிவு உண்டு, உட்பிரிவு உண்டு. அதை எழுதியவர் உண்டு. கைதூக்கி நிறைவேற்றியவர் உண்டு. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். திருத்த வேண்டுமென்று கேட்கவும் செய்யலாம்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் பெருநகரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், வாடகை வீட்டில் குடியிருந்த ஆண்டுகளில் கண்டு தெரிந்துகொண்டது மிகுதி. அங்கே நடந்த ஒரு கிளர்ச்சியைப் பற்றியே எழுதப் போகிறேன். கிளர்ச்சி என்றதும் தடியடியும் சிறைக்கூடமும் நினைவுக்கு வரும். அவை எதுவும் இதில் இல்லை. புதிய உரிமை எதையும் அது கேட்கவுமில்லை. ஏற்கெனவே இருந்த உரிமைக்கு ஒரு வாசல் கேட்டது; அவ்வளவே. அந்த வாசல் கிடைக்க ஆண்டுகள் பல ஆயின என்பதுதான் சிந்திக்கத்தக்கது.

முதலில் அந்த மாநிலத்துச் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குறை சொல்லத்தக்க சட்டமன்று. பல மாநிலங்கள் பார்த்துப் பெருமூச்சு விடத்தக்க சட்டம். பனிக்காலத்தில் வீட்டுக்குள் பகலில் 68 பாரன்ஹீட் அளவு வெப்பம் இருக்க வேண்டும். இரவில் 64-க்குக் குறையக் கூடாது. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கியதை வட்டி தரும் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை குடியிருக்கும் வீட்டில் ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு இருந்தால், அதன் கேட்டை நீக்குவது வீட்டுக்காரர் கடமை. வாடகை பாக்கி என்றால் 14 நாள் அறிவிக்கை கொடுக்க வேண்டும். அதன்பின் வழக்கு மன்றம் ஏற வேண்டும். மன்றத்தின் ஆணையின்றிப் பூட்டை மாற்றவோ, பெட்டி படுக்கையைத் தெருவில் எறியவோ எந்தக் கொம்பனுக்கும் உரிமை இல்லை. வாழத் தகுதியற்ற வீட்டுக்கு முழு வாடகை கேட்க முடியாது என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

இத்தனையும் எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருப்பது எவருக்கு எட்டுகிறது? அங்கேதான் கதை தொடங்குகிறது.

அந்த மாநிலத்தில் வாடகை வழக்கு செல்லக்கூடிய மன்றங்கள் இருவகை. ஒன்று, எல்லா வழக்கும் வந்து குவியும் வட்டாரப் பொது நீதிமன்றம். திருட்டு, குடிபோதையில் வண்டி ஓட்டியது, அண்டை வீட்டாருடன் அடிதடி, சில்லறைக் கடன் ஆகிய இவற்றினூடே வாடகை வழக்கும் ஒன்று. மற்றொன்று, குடியிருப்பு நீதிமன்றம். வீடு பற்றிய வழக்குகளுக்கென்றே அமைந்தது. வீட்டுச் சட்டத்திலேயே தோய்ந்த நீதிபதிகளைக் கொண்டது.

குடியிருப்பு நீதிமன்றத்தில் ஒரு தனிப் பதவி உண்டு: குடியிருப்பு வல்லுநர். இவர் வழக்கறிஞர் அல்லர், நீதிபதியும் அல்லர். இரு தரப்பையும் ஒரு மேசையின் முன் அமரவைத்து இணக்கம் காண முயல்வார். தேவையானால் வழக்குக்குரிய வீட்டுக்கே நேரில் சென்று, கூரை ஒழுகுகிறதா, கணப்பு எரிகிறதா, எலி ஓடுகிறதா என்று தம் கண்ணால் கண்டு நீதிபதிக்குச் சொல்வார். ஏழையிடம் சான்று இல்லை. அவனிடம் இருப்பது ஒழுகும் கூரை ஒன்றுதான். அந்தக் கூரையை மன்றத்துக்குத் தூக்கிவர முடியாது. ஆகவே மன்றம் கூரையைத் தேடிப் போகிறது. இதைவிடப் பகுத்தறிவுக்குப் பொருந்திய முறை வேறென்ன இருக்க முடியும்?

இந்த மன்றம் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1960களில் அமெரிக்க நகரங்களில் வாடகைக்குடிகள் சங்கம் கண்டு, இடிந்த சுவருக்கும் உடைந்த குழாய்க்கும் எதிராகக் குரல் எழுப்பினர். அந்தக் குரலின் விளைவாக 1971ஆம் ஆண்டு பாஸ்டன் நகருக்கென ஒரு குடியிருப்பு நீதிமன்றம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1973-இல் மாநிலத்தின் மேற்கே ஸ்பிரிங்ஃபீல்டு நகரை உள்ளிட்ட ஹாம்ப்டன் பகுதிக்கு மற்றொன்று வந்தது. பின்னர் வூஸ்டர் பகுதிக்கும், தென்கிழக்குக்கும், வடகிழக்குக்கும் ஒவ்வொன்றாக வந்தன. 1990 அளவில் ஐந்து பிரிவுகள் ஆயின.

பாஸ்டனின் முதல் குடியிருப்பு நீதிபதி பால் கேரிட்டி. நகரின் பொதுக் குடியிருப்பு வாரியம் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கொடுத்துவிட்டு, அந்த வீடுகளைப் பாழாக விட்டிருந்தது. அரசு அமைப்பே குற்றவாளிக் கூண்டில்! 1975-இல் குடியிருப்போர் வழக்குத் தொடுத்தனர். உத்தரவு போட்டார் கேரிட்டி, காலம் கொடுத்தார், மேலும் கொடுத்தார். வாரியம் அசையவில்லை. 1979-இல், அப்போது மேல்நிலை நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த அவர், வாரியத்தின் நிர்வாகத்தையே அதன் கையிலிருந்து எடுத்து, நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். 1980-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் சரியெனக் கொண்டது. 'வீட்டு வழக்குதானே, வாடகைச் சச்சரவுதானே' என்று இளக்காரமாகப் பேசுவோர் இந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, ஐந்து பிரிவுகள் வந்தன. மாநிலம் முழுவதும் வந்ததா? வரவில்லை. அங்கேதான் முட்டுக்கட்டை. மாசச்சூசெட்ஸில் நகரமும் சிற்றூருமாக 351 உண்டு. அவற்றில் 84 ஊர்கள் எந்தக் குடியிருப்பு நீதிமன்றத்தின் எல்லைக்குள்ளும் இல்லை. எண்ணிக்கையில் நாலில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அவற்றில் வாழ்ந்தோர் மாநில மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 20 இலட்சம் பேர். கேம்பிரிட்ஜ், சோமர்வில், மால்டன், மெட்ஃபோர்ட், பிரேமிங்காம், செல்சி ஆகிய இவையெல்லாம் வெளியே. கேப் காட் முனையும், அதற்கப்பாலுள்ள நான்டக்கெட் தீவும் வெளியே.

செல்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புலம்பெயர்ந்த உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழும் ஊர். பாஸ்டன் அடங்கிய அதே சஃபோக் கவுண்டிக்குள் அடங்கியது. இடையே ஓர் ஆறும் அதன்மேல் ஒரு பாலமும். பாலத்துக்கு அப்பால் குளிரில் நடுங்கும் குழந்தைக்கு வல்லுநர் வருவார். பாலத்துக்கு இப்பால் நடுங்கும் குழந்தைக்கு வரமாட்டார். குளிர் பாலம் பார்த்து வருகிறதா? எலி எல்லைக்கல் பார்த்து ஓடுகிறதா? சட்டம் இருவருக்கும் ஒன்றே. மன்றம் மட்டும் ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை.

இதில் மற்றொரு நுணுக்கமும் உண்டு. எல்லைக்குள் வாழ்வோர், வீட்டுக்காரர் தம்மைப் பொது நீதிமன்றத்துக்கு இழுத்தாலும், அந்த வழக்கைக் குடியிருப்பு நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ள உரிமை பெற்றிருந்தனர். எல்லைக்கு வெளியே வாழ்வோருக்கு மாற்றிக்கொள்ள மன்றமே இல்லை. உரிமை அவர்களைத் தேடி வந்து, ஊர் எல்லையில் நின்று, திரும்பிப் போய்விட்டது.

நான் குடியிருந்த ஊர் அந்த 84-இல் ஒன்று. எங்கள் தெருவில், அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கும் வேலை செய்யும் எல் சல்வடோர் நாட்டுப் பெண்மணி ஒருவர், பிள்ளைகள் இருவருடன் குடியிருந்தார். 2015ஆம் ஆண்டின் பனிக்காலம், அந்தப் பகுதி கண்ட கொடும்பனிக் காலங்களுள் ஒன்று. அவர் வீட்டில் கணப்பு நின்றுபோயிற்று. வீட்டுக்காரரிடம் பன்முறை வாய்மொழியாகச் சொன்னார், பயனில்லை. இரு மாதம் வாடகையை நிறுத்தினார். 14 நாள் அறிவிக்கை வந்தது. பிறகு வழக்கு வந்தது. வாடகைக்குடிகள் சங்கத்தின் சார்பில் அவருக்குத் துணையாக நானும் சென்றேன். துணையாக மட்டும், வழக்கறிஞர் அல்லாத நான் அவருக்காகப் பேச முடியாது.

வியாழக்கிழமைக் காலை. நீண்ட தாழ்வாரம். வீட்டுக்காரருக்கு வழக்கறிஞர் உண்டு, இவருக்கு இல்லை. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அந்த மாநிலத்து மன்றங்களில் வெளியேற்ற வழக்கை எதிர்நோக்கிய குடியிருப்போரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வழக்கறிஞர் இன்றியே நின்றனர். மன்றத்துக்குள் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் வருவார். தாழ்வாரத்துக்கு எவரும் வரமாட்டார். ஆனால் பேச்செல்லாம் நடப்பது தாழ்வாரத்தில்தான்! பதினொரு வயது மகன் மொழிபெயர்த்தான். "அம்மா, முப்பது நாளில் போய்விட்டால் பாக்கி வேண்டாமாம்" என்று அவன் தாயிடம் சொன்னதை அருகில் நின்றவர் எங்களுக்கு விளக்கினார். கைப்பேசியில் கணப்பின் படங்களை வைத்திருந்தார் அந்த அம்மை. படத்தில் குளிர் தெரியுமா? வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர அந்த மன்றத்தில் ஆளில்லை. கையெழுத்திட்டார். நீதிபதி முன் அந்தத் தாள் இருந்தது மூன்று மணித்துளி. முன்னது ஒரு திருட்டு வழக்கு. பின்னது ஒரு வண்டி வழக்கு.

நீதிபதியைக் குறை கூறவில்லை நான். அவர் முன் வைக்கப்பட்டது ஒரு தாள்; அவர் பார்த்தது அந்தத் தாளை. வாழத் தகாத வீட்டுக்கு வாடகையை நிறுத்திவைப்பதற்கும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் குறையை வீட்டுக்காரருக்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும், சுகாதார அலுவலரின் ஆய்வறிக்கை இருந்தால் நலம், இன்னும் சில. இவற்றையெல்லாம் அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? அதே மாதத்தில், பாஸ்டன் எல்லைக்குள் குடியிருந்த என் உடன் பணியாளர் ஒருவர் வீட்டிலும் கணப்பு பழுதாயிற்று. அங்கே வல்லுநர் வந்தார், வெப்பமானியை நீட்டினார், குறித்துக்கொண்டார். பழுதைச் சீர்செய்ய நாள் குறிக்கப்பட்டது, வாடகை குறைக்கப்பட்டது, குடும்பம் அங்கேயே இருந்தது. இரு வீட்டுக்கும் இடைத்தூரம் மூன்று கிலோமீட்டர் இராது.

அந்தத் தாய் வீட்டைக் காலி செய்த பிறகுதான் எங்கள் சங்கம் இந்த இயக்கத்தில் முழுமூச்சாக இறங்கியது. இயக்கம் எங்களுடையதன்று, எங்களைவிட மூத்தது. மாசச்சூசெட்ஸ் சட்டச் சீர்திருத்தக் கழகம் என்னும் அமைப்பு முன்னின்றது. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்வோர், வழக்கறிஞர் சங்கங்கள், நகரமன்றத்தினர், வாடகைக்குடிகள் எனப் பலரும் அணிவகுத்தனர். மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ரால்ஃப் கான்ட்ஸ், குடியிருப்பு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி டிமத்தி சல்லிவன் ஆகியோரே வெளிப்படையாக ஆதரித்தனர். மன்றத்தின் உச்சியில் அமர்ந்தவரும், மன்றத்தின் வாசலில் நின்றவரும் ஒரே கோரிக்கையை எழுப்பியது அருமையான காட்சி.

எங்களிடம் இருந்த படைக்கலம் ஒரு வரைபடம். மாநில வரைபடம், குடியிருப்பு நீதிமன்றம் உள்ள ஊர்களுக்கு வண்ணம், இல்லாத ஊர்கள் வெண்மை. சொற்பொழிவு அரைமணி நேரத்தில் செய்யாததை அந்தத் தாள் அரை நொடியில் செய்தது. தொடர்வண்டி நிலையத்தின் வாசலில், கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும் குளிரில், அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வருவோர் முதலில் தம் ஊரைத் தேடினர். "எங்கள் ஊர் ஏன் வெள்ளையாக இருக்கிறது?" என்று கேட்டனர். அந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும், கையெழுத்து தானே வந்தது. 'நீதி, சமத்துவம்' என்று தொடங்கியபோது தலையசைத்துவிட்டுப் போனவர்கள், 'உங்கள் ஊர் இங்கே' என்று தொடங்கியபோது நின்றனர். கொள்கை பெரிது, ஆனால் அது மக்களின் தெருப் பெயரைச் சொல்லத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

கையெழுத்திட்டவரெல்லாம் குடியிருப்போர் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்றடுக்கு மரவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் தாம் வாழ்ந்து, மேல் இரண்டையும் வாடகைக்கு விட்டிருந்த முதியவர் ஒருவர் வந்தார். "நான் வீட்டுக்காரன். என் கையெழுத்து வேண்டுமா?" என்றார். வேண்டும் என்றோம். மேல்தளத்துக் குடியுடன் மூன்று மாதம் வழக்காடியதாகவும், நடுவில் ஒருவர் அமர்ந்து பேசியிருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும் என்றும் சொல்லிக் கையெழுத்திட்டார். மன்றம் ஏழைக்கு மட்டும் துணையன்று. நேர்மையான எவருக்கும் துணை என்பதை அவரிடம் கற்றோம்.

எதிர்ப்பு இல்லாமலா? இருந்தது. வீட்டுரிமையாளர்களில் ஒரு பகுதியினர், 'குடியிருப்பு நீதிமன்றம் குடியிருப்போர் பக்கம் சாய்கிறது' என்றனர். வீட்டுச் சட்டத்தை நன்கு அறிந்த மன்றம் ஒருவருக்குப் பாதகமாகப் படுகிறதென்றால், அவர் அஞ்சுவது மன்றத்தையா, சட்டத்தையா? 'பொது நீதிமன்றமே போதுமே' என்றனர் சிலர். கண்வலிக்கும் பல்வலிக்கும் ஒரே மருத்துவர் போதுமென்று இவர்கள் தம் வீட்டில் இருந்துவிடுவார்களா? 'மன்றம் பெருகினால் வழக்கு பெருகும்' என்றனர் வேறு சிலர். மருத்துவமனை கட்டினால் நோய் பெருகும் என்று வாதிடும் அறிவு இது! வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் தாழ்வாரத்தில் நிற்கிறது. அது எங்கே கேட்கப்படும் என்பதுதான் கேள்வி.

கடைசியாகச் செலவு. இது நேர்மையான கேள்வி. ஆகவே நேர்மையாகவே விடை சொன்னோம். ஆம், நீதிபதிகளுக்கும் வல்லுநர்களுக்கும் சம்பளம் வேண்டும். ஆனால் வீடிழந்த குடும்பத்துக்கு அரசு செலவிடுவதில்லையா? மாசச்சூசெட்ஸில் தகுதியுடைய வீடற்ற குடும்பத்துக்குத் தங்குமிடம் கொடுப்பது 1983 முதல் அரசின் கடமை. ஒரு குடும்பத்தை அதன் வீட்டிலேயே இருக்கவைக்கும் செலவு ஒருபுறம். வெளியே தள்ளிவிட்டு விடுதியில் மாதக்கணக்கில் தங்கவைக்கும் செலவு மறுபுறம். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் கணக்குப் போடலாம். குடியிருப்பு நீதிமன்றத்தோடு இணைந்த வீட்டுரிமைக் காப்புத் திட்டம் ஒன்று 1998-இல் ஹாம்ப்டன் பகுதியில் தொடங்கிப் பரவியது. மனநோயோ உடற்குறையோ உடையவர் அதன் காரணமாகவே வெளியேற்ற வழக்கில் சிக்கும்போது, தக்க மருத்துவமும் உதவியும் கிடைக்கச் செய்து வீட்டைக் காப்பது அதன் பணி. மன்றம் இருக்கும் இடத்தில் இதுபோன்ற துணையும் சேர்ந்து வளர்கிறது.

சட்டமன்றக் குழுவின் முன் எங்கள் கருத்தைச் சொல்லச் சென்றோம். பாஸ்டனில் பொன்முலாம் பூசிய குவிமாடத்தின் கீழ் ஆளுக்கு மூன்று மணித்துளி. அதற்காகக் காத்திருந்தது அரைநாள். வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தோரில் அந்த அரைநாள் கூலியை இழந்தவர் பலர். ஒருவர் மாற்றி ஒருவர் ஒரே செய்தியைச் சொல்லாமல், ஒருவர் குளிரை, ஒருவர் முன்பணத்தை, ஒருவர் ஈயப்பூச்சை, ஒருவர் தம் சிறு வீட்டை எனப் பங்கிட்டுக்கொண்டு சொன்னோம். 2016ஆம் ஆண்டும் கடந்தது, கைகூடவில்லை. சோர்ந்தவர் உண்டு, விலகியவர் சிலர் உண்டு. வரைபடத்தை மடித்து வைக்காமல் மறுபடியும் நிலையத்து வாசலுக்கே சென்றவர்களும் உண்டு.

2017 ஜூலையில் வென்றோம். அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேயே விரிவாக்கத்தைச் சட்டமன்றம் சேர்த்தது. ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்டார். அங்கே ஆளுநர் மக்கள் வாக்கால் வருபவர். அவர் குடியரசுக் கட்சி. சட்டமன்றமோ சனநாயகக் கட்சியின் கையில். கட்சி வேறாயினும் கணக்கு ஒன்றாக வந்தது. ஆறாவது பிரிவு ஒன்று உருவாயிற்று. மற்றப் பிரிவுகளின் எல்லைகள் விரிந்தன. நீதிபதிகள் 10 பேர் 15 பேராயினர். 351 ஊர்களும் வண்ணம் பெற்றன. ஒரு சட்டம் வந்த நாளுக்கும் அதன் வாசல் எல்லோருக்கும் திறந்த நாளுக்கும் இடையே 46 ஆண்டுகள்!

அந்த வாசலின் அருமை விரைவிலேயே தெரிந்தது. 2020-இல் கொரோனா வந்தது. ஏப்ரல் 20 முதல் அக்டோபர் 17 வரை மாநிலத்தில் வெளியேற்றங்கள் சட்டத்தால் நிறுத்தப்பட்டிருந்தன. தடை முடிந்ததும் வழக்குகள் மீண்டும் வரத் தொடங்கின. அப்போது குடியிருப்பு நீதிமன்றம் வழக்கை இரு படிகளாகப் பிரித்தது: முதற்படியில் குடியிருப்பு வல்லுநரிடம் இணக்கப் பேச்சு, வாடகை உதவிக்கு வழி, அது முடியாவிட்டால்தான் அடுத்த படியில் விசாரணை. விரிவாக்கம் நடந்திராவிட்டால், அந்தக் கொடுங்காலத்தில் அந்த 20 இலட்சம் மக்களுக்கும் இந்த முதற்படி இருந்திருக்காது.

வெற்றிமாலை சூட்டி முடித்துவிடலாம். ஆனால் உண்மை அதற்கு இடந்தரவில்லை. குடியிருப்பு நீதிமன்றம் சொர்க்கமன்று. சொர்க்கம் எங்கும் இல்லை. அங்கும் தாழ்வாரம் இருக்கிறது. வல்லுநர் நடுநிலையாளர், 'இதில் கையெழுத்திடாதே' என்று எவரிடமும் சொல்ல அவருக்கு இயலாது. அதைச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும். நியூயார்க் மாநகரம் 2017-இலேயே, வெளியேற்ற வழக்கில் சிக்கும் ஏழைகளுக்கு வழக்கறிஞர் உரிமை என்று அமெரிக்காவில் முதன்முதலாகச் சட்டம் செய்தது. மாசச்சூசெட்ஸ் 2024-இல் அதற்கென முதற்படியாக 25 இலட்சம் டாலர் ஒதுக்கியது. கடலுக்கு முன் ஒரு குடம். எனினும் குடம் நிறைந்தது.

மற்றொரு கொடுமையும் இருந்தது. வெளியேற்ற வழக்கு ஒருமுறை பதிவாகிவிட்டால், வென்றாலும் தோற்றாலும், அந்தப் பெயர் ஏட்டில் நின்றுவிடும். அடுத்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, 'வீடு காலியில்லை' என்பார். குளிருக்காக வழக்காடியவர் காலமெல்லாம் குற்றவாளி போல் நடத்தப்பட்டார். 2024 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம், குறிப்பிட்ட நிலைமைகளில் அந்தப் பதிவை மூடிவைக்கக் கோரும் உரிமையைத் தந்தது. 2025 மே முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதுவும் எவரோ மனமிரங்கி ஈந்ததன்று. தொடர்வண்டி நிலையத்து வாசல்களில் நின்றோர் வாங்கியது.

எங்கோ ஒரு நாட்டின் வாடகை வழக்கைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கும் இளைஞர் இருப்பர். அவருக்கு ஒன்று சொல்வேன். நாம் சட்டத்துக்காகப் போராடுகிறோம், போராடி வாங்குகிறோம், வாங்கியதும் விழா எடுக்கிறோம், விழா முடிந்ததும் வீடு திரும்புகிறோம். சட்டம் ஏட்டிலே தூங்குகிறது. அதை எழுப்பும் மன்றம் எங்கே? எத்தனை கல் தொலைவில்? அதற்குப் பேருந்து உண்டா? உள்ளே பேசுவது எந்த மொழி? அன்றைய கூலியை இழக்காமல் அங்கே போக முடியுமா? எதிரில் நிற்பவருக்கு வழக்கறிஞர் உண்டென்றால், நம்மவருக்கு யார்? இந்த எளிய கேள்விகளை எந்த ஊரிலும், எந்தச் சட்டத்தைப் பற்றியும் கேட்கலாம். கேட்டால் விடை கிடைக்காமற் போகலாம். ஆனால் வரைபடம் ஒன்று கிடைக்கும். அதில் வெண்மையாக விடப்பட்ட இடங்கள் எவையென்று தெரியும்.

அந்த வெள்ளை இடங்களில் வாழ்பவர்கள் சட்டத்தின் பகைவர்கள் அல்லர். சட்டம் மறந்த மக்கள். அவர்களிடம் சென்று, 'இது உன் தலைவிதி' என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 'இதோ உனக்குரிய சட்டவிதி. இதன் வாசலைத் திறக்க என்னோடு வா' என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு வரைபடமும், வண்ணக்கோல் ஒன்றும், குளிரில் நிற்கும் கால்களும் போதும்.